வந்த நடை போனால்: மன்னார் வளைகுடாக் கரையில் ஓர் அரிய மரபுநோயை ஊருக்குச் சொன்ன விதம்

தமிழ்நாட்டில் ‘அரிய நோய்’ என்றதும் பெரும்பாலோருக்கு நினைவு வருவது 16 கோடி ரூபாய் ஊசி. தண்டுவடத் தசைச் சிதைவு நோயுள்ள குழந்தைகளுக்காக 2021 வாக்கில் நடந்த நிதி திரட்டல்கள் அந்த எண்ணை வீடு வீடாகக் கொண்டுசேர்த்துவிட்டன. நோயின் பெயர் சேரவில்லை, அறிகுறி சேரவில்லை, எண் மட்டும் சேர்ந்தது. மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட ஒரு மீனவ ஊரில், இரண்டரை வயதை நெருங்கிய ஓர் ஆண் குழந்தைக்கு மெட்டாகுரோமாட்டிக் லியூகோடிஸ்ட்ரோஃபி என்று உறுதியானபோது, ஊர் கேட்ட முதல் கேள்வியும் “எத்தனை கோடி?” என்பதுதான். கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: அதே வம்சத்தில் அடுத்து யார் வீட்டில் குழந்தை பிறக்கப்போகிறது?

அந்தக் கேள்வியை ஊரே கேட்கும்படி செய்ய என்ன முயன்றோம், எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்பதே இந்த ஆய்வு. குடும்பத்தை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

நோய்

நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. மூளையின் கட்டளை தசைக்கு விரைவாகப் போய்ச்சேர இந்த உறை வேண்டும். உறையில் உள்ள சல்ஃபடைடு என்ற பொருளை உடைத்து அப்புறப்படுத்துவது அரைல்சல்ஃபடேஸ் ஏ என்னும் நொதியின் வேலை. 22ஆம் குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணு பழுதாகி அந்த நொதி வேலை செய்யாமல் போனால், சல்ஃபடைடு தேங்கித் தேங்கி உறையையே அழித்துவிடுகிறது. மூளையின் வெண்பகுதியும் கைகால் நரம்புகளும் சேர்ந்தே கெடுகின்றன. 40,000 முதல் 1,60,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 30 மாத வயதுக்குள் அறிகுறி தொடங்குகிறது. மிக வேகமான வகை அது: நடை, பேச்சு, விழுங்குதல், பார்வை என்று ஒவ்வொன்றாகப் போகும், வலிப்பு வரும், சில ஆண்டுகளில் உயிரும் போகும்.

இதில் கொடுமை என்னவென்றால், குழந்தை முதலில் நன்றாகவே வளர்கிறது. கொழுகொழுவென்று இருக்கிறது, தவழ்கிறது, நடக்கிறது, “அப்பா” என்கிறது. பிறகுதான் வந்ததெல்லாம் திரும்பிப் போகத் தொடங்குகிறது.

குழந்தை

அப்பா நாட்டுப்படகில் போகிறவர். அம்மா பாசி எடுக்கப் போகிறவர். அம்மாவுக்கு அவர் மாமன் மகன். இதோடு நிற்கவில்லை, அம்மாவின் அண்ணனுக்கு அப்பாவின் தங்கையைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. மூத்தவள் ஏழு வயது, ஆரோக்கியமாக இருக்கிறாள். இரண்டாவது பையன்தான் இந்த ஆய்வுக்குரியவன்.

பதினாலு மாதத்தில் நடந்தான். இருபது மாதத்தில் அடிக்கடி விழத் தொடங்கினான். நுனிக்காலில் நடந்தான். முதலில் கவனித்தவர் பாட்டி. வீட்டுக்கு முன்னால் இரண்டே படி. அதில் தானாக ஏறிக்கொண்டிருந்தவன் படியில் உட்கார்ந்துவிட்டு, தூக்கச் சொல்லிக் கையை நீட்டினான். “பிள்ளை நடையை மறந்துகொண்டு வருகிறான்” என்று அவர் சொன்னதைச் செல்லம் என்று தள்ளிவிட்டார்கள். மருத்துவ அறிக்கைகளில் பின்னால் எழுதப்பட்ட எதையும்விட இந்த ஒரு வாக்கியம் துல்லியமானது.

அடுத்த எட்டு மாதம் வழக்கமான பாதையில் கழிந்தது. சத்துக் குறைவு என்று டானிக். கால்சியம். உளுந்துத் தைலம். ஈர மணலில் குழி தோண்டி இடுப்புவரை நிறுத்திவைத்தல். ஓரியூர் தேவாலயத்துச் செம்மண்ணைக் குழைத்துக் காலில் பூசினார்கள். ஏர்வாடி தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். இந்தக் கரையில் நோய்க்கு மத வேறுபாடு கிடையாது. கிறிஸ்தவர் தர்காவுக்குப் போவதும் முஸ்லிம் ஓரியூர் மண்ணை எடுத்துவருவதும் அன்றாடம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு மருத்துவமனையில் “தாமத வளர்ச்சி, பொறுத்திருந்து பாருங்கள்” என்று எழுதிக் கொடுத்த சீட்டைக் குறையாகத்தான் சொல்கிறேன். தாமதமாக வருவது வேறு, வந்தது போவது வேறு. இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்ததில்தான் பல மாதங்கள் தொலைந்தன.

திருப்பம் அப்பாவின் கைப்பேசியால் வந்தது. பையன் கரையில் நண்டைத் துரத்தி ஓடும் காணொளி ஒன்று அதில் இருந்தது. மாவட்டத்தில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்தின் இயன்முறை மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, எதிரே துணி போலத் துவண்டு உட்கார்ந்திருந்த குழந்தையைப் பார்த்தார். அன்றே குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார். எம்ஆர்ஐ ஸ்கேனில் இருபக்கமும் சமமாக வெண்பகுதி பாதிப்பு, நரம்பு மின்கடத்தல் சோதனையில் வேகக் குறைவு, ரத்தத்தில் நொதி ஏறக்குறைய இல்லை, சிறுநீரில் சல்ஃபடைடு மிகுதி. மரபணுச் சோதனை கடைசியில் முத்திரை குத்தியது.

பெயர் தெரிந்ததால் பையனுக்கு என்ன லாபம் என்று ஊரில் கேட்டார்கள். இரவெல்லாம் அவன் அழுததைப் பிடிவாதம் என்றே நினைத்திருந்தார்கள். அது தசை இறுக்கத்தின் வலி. இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் மருந்து தொடங்கிய பிறகு அழுகை குறைந்து வீடு தூங்கியது. தண்ணீர்க் கஞ்சி புரையேறுவதால் அதைக் கெட்டியாக்கி, தலையை நிமிர்த்தி ஊட்டப் பழகினார்கள். மூன்றாவது வட்டிக் கடனும் நான்காவது நேர்த்திக்கடனும் நின்றன. குணமாக்க முடியாத நோய்க்கும் இவ்வளவு செய்ய முடியும்.

ஊர் சொன்ன காரணம்

செய்வினை என்றார்கள், அது எதிர்பார்த்ததுதான். ‘பெண் வந்த நேரம்’ என்றார்கள், அதுவும். எதிர்பாராத அளவுக்குப் பரவியது தடுப்பூசிப் பேச்சு. முத்தடுப்பு மருந்தின் ஊக்க ஊசி 16 முதல் 24 மாதத்துக்குள் போடப்படுகிறது. இந்த நோய் தலைகாட்டுவதும் அந்த வயதில்தான். போதாக்குறைக்கு, மறைந்திருக்கும் அறிகுறி ஒரு காய்ச்சலுக்குப் பிறகு வெளியே தெரிவதும் உண்டு. ஊசி, காய்ச்சல், விழுதல் என்ற வரிசையைத் தாய் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். “ஊசி காரணமில்லை” என்று வெள்ளைக் கோட்டுப் போட்டவர் வந்து சொன்னால் அவர் ஏன் நம்ப வேண்டும்? பக்கத்துத் தெருவில் சில தாய்மார்கள் அந்த ஊசி நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு பாசிக்குப் போய்விட்டார்கள் என்று கிராம சுகாதார செவிலியர் சொன்னார். ஓர் அரிய நோயைப் பற்றி அரைகுறையாகப் பேசி, தட்டம்மையையும் கக்குவானையும் ஊருக்குள் அழைத்துவிடக் கூடாது என்ற கவலை அப்போதுதான் எங்களுக்குப் பிடித்தது.

அந்தப் பேச்சை உடைத்தவர் பாட்டி.

வம்ச விவரம் கேட்கச் செவிலியர் போனபோது பழைய காலண்டர் தாளைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தில் கோடு போட்டார். பாட்டிக்குக் கோடு புரியவில்லை. எழுந்து போய்ப் புளியங்கொட்டையும் சிப்பி ஓடும் கொண்டுவந்தார். உயிரோடிருப்பவருக்குக் கொட்டை, இறந்தவருக்குச் சிப்பி. தன் தலைமுறையிலிருந்து வைத்துக்கொண்டே வந்தார். கடலில் போனவர், பிரசவத்தில் போனவர், எல்லாருக்கும் சிப்பி. தன் கொழுந்தன் வீட்டு வரிசைக்கு வந்ததும் கை நின்றது. அங்கே அடுத்தடுத்து இரண்டு சிப்பிகள். நன்றாக நடந்துகொண்டிருந்த பிள்ளைகள், கால் விழுந்து, வலிப்பு வந்து, ஐந்து ஆறு வயதில் இறந்தவர்கள். அந்தக் காலத்தில் அதை இளம்பிள்ளை வாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். “அந்தப் பிள்ளைகளுக்கு யார் ஊசி போட்டார்கள்? ஊசியே இல்லையே” என்று அவரே சொன்னார். அந்தக் கொழுந்தனுக்கும் சொந்தத்தில்தான் பெண் எடுத்திருந்தார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த ஊசி நாளில் அவர் அங்கன்வாடி வாசலில் உட்கார்ந்து இதை எல்லாரிடமும் சொன்னார். நாங்கள் சொல்லச் சொல்லவில்லை. சொல்லச் சொல்லியிருந்தால் இவ்வளவு எடுபட்டிருக்காது.

எதைச் சொல்வது

பிப்ரவரி மாதக் கடைசி நாள் உலக அரிய நோய்கள் தினம், 2008 முதல். அன்று வந்த சுவரொட்டி ஒன்றை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தேன். ஆயிரக்கணக்கில் அரிய நோய்கள் உள்ளன என்றது, ஒன்றுபட்டு நிற்போம் என்றது, வண்ணக் கைகள் வரையப்பட்டிருந்தன. அதைப் படித்த ஒரு தாய் வீட்டுக்குப் போய்த் தன் குழந்தையிடம் எதைப் பார்க்க வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. பெயரைச் சொல்லிக்கொடுப்பதும் பயனற்றது. மெட்டாகுரோமாட்டிக் லியூகோடிஸ்ட்ரோஃபி என்பதைப் பங்குத்தந்தை ஒருவரும் ஜமாஅத் தலைவர் ஒருவரும் என் முன்னால் சொல்லிப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

எனவே ஒரே ஒரு கேள்வியை மட்டும் ஊருக்குள் விடுவது என்று முடிவானது: “செய்துகொண்டிருந்ததைக் குழந்தை விட்டுவிட்டதா?” அங்கன்வாடியில் எடை பார்க்கும் தராசுக்கு மேலே அது ஒட்டப்பட்டது. தாய் சேய் நல அட்டையில் தலை நின்றது, உட்கார்ந்தது, நடந்தது என்று வளர்ச்சிப் படிகளைக் குறிக்கிறோம். ஒருமுறை குறித்த கட்டத்தை யாரும் மறுபடி பார்ப்பதில்லை. அங்கன்வாடிப் பணியாளர் பழைய குறிகளையும் ஒவ்வொரு மாதமும் கேட்கத் தொடங்கினார். “ஆம்” என்று பதில் வந்தால் ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ கிடையாது. அரசின் சிறார் நலப் பரிசோதனைக் குழு வழியாக நேரே மாவட்ட மையம். கைப்பேசியில் பழைய காணொளி இருந்தால் கையோடு எடுத்துப் போகச் சொன்னோம். ஏழை வீட்டிலும் இன்று அது இருக்கிறது. எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் அது கிடைக்காது.

கேள்வியில் சிக்கிய முதல் குழந்தைக்கு இந்த நோய் இல்லை. சிரிப்பதை நிறுத்திவிட்ட ஏழு மாதக் குழந்தை. தூங்கி எழும்போதெல்லாம் தலை கவிழ்ந்து கைகள் விரிய வரிசையாக உதறல் வரும். வயிற்றுவலி என்று ஓமத்தண்ணீர் கொடுத்துவந்தார்கள். அது குழந்தைப் பருவ வலிப்பில் ஒரு வகை. உடனே மருந்து தொடங்கினால் கட்டுப்படுத்த வாய்ப்புள்ளது, தாமதித்தால் மூளை வளர்ச்சி நின்றுவிடக்கூடியது. மருந்து தொடங்கியாயிற்று. ஒற்றை நோய்க்காக விழிப்புணர்வா என்று முகம் சுளித்த அதிகாரிகளுக்கு நான் காட்டுவது இந்தக் குழந்தையைத்தான்.

சொந்தத்தில் கட்டாதே என்ற பிரசங்கம்

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றில், தமிழ்நாட்டுத் திருமணங்களில் ஏறக்குறைய 28 சதவீதம் உறவுக்குள் நடந்தவை, நாட்டிலேயே முன்வரிசை. இதைக் காட்டி ‘சொந்தத்தில் கட்டாதே’ என்று மேடை போட்டுப் பேசுவது எளிது. கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே கட்டியவர்கள் என்பதைப் பேசுபவர் யோசிப்பதில்லை. படகில் பங்கு, வலைக்குக் கடன், மாமியார் அத்தையாகவே இருப்பதால் பெண்ணுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு என எல்லாம் அந்தச் சம்பந்தத்தில்தான் தொங்குகின்றன. கணக்கையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும்: எந்தத் தம்பதிக்கும் பிறவிக் கோளாறுள்ள குழந்தை பிறக்க 2 முதல் 3 சதவீத வாய்ப்பு இருக்கிறது, மாமன் மகன், அத்தை மகள் மணத்தில் அது ஏறக்குறைய இரு மடங்காகிறது. பெரும்பாலோருக்கு நல்ல குழந்தைகளே பிறக்கின்றன. அதனால்தான் ‘என் வீட்டில் நன்றாகத்தானே இருக்கிறார்கள்’ என்ற எதிர்வாதத்தின் முன் பிரசங்கம் தோற்கிறது.

நாங்கள் ஊர் முழுவதற்கும் பேசுவதை விட்டு, பழுதான மரபணு இருப்பது தெரிந்த அந்த ஒரு வம்சத்திடம் மட்டும் பேசினோம். நோய் வர, பழுதான பிரதி அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வர வேண்டும். ஒன்று மட்டும் உள்ளவர் ‘கடத்துபவர்’, அவருக்கு எந்தக் குறையும் இல்லை. ஆகவே ‘பெண் வந்த நேரம்’ என்ற பேச்சுக்கு இடமே இல்லை. பாதி மாப்பிள்ளை கொண்டுவந்தது. இதைக் கேட்டு மாமனார் எழுந்து வெளியே போய்விட்டார். மாமியார் போகவில்லை.

அடுத்த சிக்கல் ‘நாலில் ஒன்று’. இருவரும் கடத்துபவர்கள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. குடும்பம் இதை எப்படிப் புரிந்துகொண்டது தெரியுமா? ஒன்று வந்துவிட்டது, இனி மூன்று நன்றாகப் பிறக்கும். படித்தவர்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள். செவிலியர் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: “நேற்று மீன்பாடு இல்லை என்பதற்காக இன்று கடல் உங்களுக்குச் சேர்த்துக் கொடுக்குமா?” அவருக்கு உடனே புரிந்தது.

அப்போது அம்மாவுக்கு மூன்றாவது கர்ப்பம், ஒன்பது வாரம். குடும்பத்தின் மரபணுப் பழுது இன்னது என்று தெரிந்திருந்தால், 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவில் ஒரு துளி எடுத்துக் கருவின் நிலையை அறியலாம். “வயிற்றுப் பிள்ளையைச் சோதிப்பது குற்றம் என்று போர்டு வைத்திருக்கிறார்களே?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது பாலினம் அறிவதை; மரபுநோய் அறிவதைப் பதிவு பெற்ற மையங்களில் அந்தச் சட்டமே அனுமதிக்கிறது. சோதனை செய்தார்களா, முடிவு என்ன, பிறகு என்ன தீர்மானித்தார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அது அவர்களுடைய விஷயம்.

குறைந்த நொதி

அம்மாவின் அண்ணனுக்கும் அப்பாவின் தங்கைக்கும் எட்டு மாதப் பெண் குழந்தை. கணக்குப்படி நோய் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பதினாறில் ஒன்று. முதலில் சோதனைக்கு மறுத்தவர்கள், பாட்டியின் சிப்பிகளைப் பார்த்த பிறகு இறங்கிவந்தார்கள். ரத்தத்தில் நொதி அளவு பார்த்தார்கள். குறைவாக வந்தது. அன்றிரவே செய்தி ஊர் முழுக்கப் பரவி, துக்க வீட்டுக்கு வருவதுபோல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தை மருத்துவர்களும் கவனமாகப் படிக்க வேண்டும். நொதி குறைவாக இருந்தும் நோயே இல்லாத நிலை ஒன்று உண்டு; மக்களிடையே அது அரிதும் அல்ல. மரபணுவில் தீங்கற்ற ஒரு மாறுபாடு நொதியின் அளவைக் குறைத்துக் காட்டும். இருக்கும் கொஞ்ச நொதியே உடம்புக்குப் போதும். நொதிச் சோதனை ஒன்றை மட்டும் வைத்து நோய் என்று முத்திரை குத்தக் கூடாது. சிறுநீரில் சல்ஃபடைடு பார்க்க வேண்டும், மரபணுவைப் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். சல்ஃபடைடு இயல்பாக இருந்தது. குடும்பத்தின் பழுது ஒரே பிரதியில், மறு பிரதியில் தீங்கற்ற மாறுபாடு. குழந்தைக்கு நோய் இல்லை. இதற்கிடையே கழிந்த வாரங்களில் அந்தத் தாய்க்குப் பால் வற்றிப்போனது. சோதனை செய்துகொள்ளச் சொல்வதோடு விழிப்புணர்வுக்காரரின் பொறுப்பு முடிந்துவிடாது. முடிவை யார், எங்கே, எப்போது, எத்தனை பேர் முன்னால் சொல்வது என்பதையும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

கோடிகள்

ஊர் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இந்த நோய்க்கு மரபணு சிகிச்சை இருக்கிறது. இத்தாலியின் மிலான் நகரில் உருவாகி, ஐரோப்பாவில் 2020 டிசம்பரிலும் அமெரிக்காவில் 2024 மார்ச்சிலும் அனுமதி பெற்றது. அமெரிக்க விலை 42.5 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் 35 கோடி ரூபாய். நம் நாட்டின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையின் கீழ் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் உதவியின் உச்சவரம்பு 50 லட்சம். அதைப் பெற உயர்சிறப்பு மையங்களுக்குப் போக வேண்டும். பின்னால் சேர்க்கப்பட்ட சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் அவற்றில் ஒன்று. பணத்தைவிடப் பெரிய தடை காலம். இந்த வேகமான வகையில், அறிகுறி தோன்றுவதற்கு முன் கொடுத்தால்தான் அந்தச் சிகிச்சை பயன்படும். நடை போன பையனுக்கு 35 கோடி திரட்டினாலும் பயன் இல்லை. எலும்பு மஜ்ஜை மாற்றுக்கும் கிட்டத்தட்ட இதே விதி. இதைச் சொன்ன நாளில் நிதி திரட்டப் புறப்பட்டிருந்த இளைஞர்கள் கோபப்பட்டார்கள். அவர்கள் ஏற்கெனவே அச்சடித்திருந்த பதாகையில் பையனின் படமும் அப்பாவின் கைப்பேசி எண்ணும் இருந்தன. பங்குத்தந்தை பேசித்தான் அதை எடுக்க வைத்தார்.

கல்யாணப் பேச்சு

இப்போது அம்மாவின் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். முறைப்பையன்தான், விசைப்படகில் போகிறவர். பழுது இன்னது என்று தெரிந்துவிட்டதால் இருவரிடமும் அதை மட்டும் தேடினால் போதும், சோதனை எளிது. சிக்கல் அறிக்கையில் இருக்கிறது. பெண் கடத்துபவர் என்று ஒரு தாள் வெளியே வந்துவிட்டால், இந்தச் சம்பந்தம் முறிந்தாலும் வேறு யாரும் கட்டமாட்டார்கள். பெண்ணின் பெரியம்மா ஒரு யோசனை சொன்னார்: யாரிடம் இருக்கிறது என்று சொல்லவே வேண்டாம், இந்த ஜோடி கூடுமா கூடாதா என்று மட்டும் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடம் தாண்டாத அந்த அம்மாள் சொன்ன இதே ஏற்பாட்டை, டே-சாக்ஸ் என்ற மரபுவழி மூளைநோயில் நான்கு குழந்தைகளை இழந்த யூத மதகுரு ஜோசஃப் எக்ஸ்டீன் 1983இல் தன் சமூகத்துக்காகத் தொடங்கினார். பிள்ளைகளுக்குப் பெயருக்குப் பதில் எண். வரன் பேசும்போது இரண்டு எண்களைச் சொன்னால் பொருந்துமா இல்லையா என்று மட்டும் பதில் வரும். நிச்சயித்த கல்யாணமே வழக்கமாக உள்ள சமூகம் அதுவும்.

நம் ஆய்வகங்கள் தனித்தனி அறிக்கைதான் தருகின்றன. அதனால் மரபணு ஆலோசகர் இரண்டையும் தானே வாங்கி வைத்துக்கொண்டு ஜோடிக்கு ஒரே பதில் சொல்வதாக, இருவரிடமும் எழுதி வாங்கியிருக்கிறார். இருவரும் கடத்துபவர்கள் என்று வந்தால் அந்த ஒரே பதிலே எல்லாவற்றையும் சொல்லிவிடுமே என்று மாப்பிள்ளை கேட்டார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. ரத்தம் எடுத்து அனுப்பியாயிற்று. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14இல் முடிகிறது. ஆண்கள் கரையில் இருக்கும் அந்த இரண்டு மாதத்துக்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் நிற்கிறார்கள். அறிக்கை வந்த பிறகுதான் தேவாலயத்தில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும் என்று பெரியம்மா பங்குத்தந்தையிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.